யோர்தானில் நின்ற அக்கா

நம் ஊர்ப் பழைய கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்கும், பிறகு தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கும் அந்தப் படம் நினைவிருக்கும். உள்ளே நுழைந்ததும் வலது பக்கம், கல் தொட்டிக்கு மேலே, நாலடிக்கு மூன்றடியில் ஒரு ஆறு. கிட்டப் போனால் ஆறும் இருக்காது, கரையும் இருக்காது. சாம்பலும் நீலமும் வெளிறிய ஊதாவுமாகத் தூரிகைத் தீற்றல்கள் மட்டும் இருக்கும். நாம் அதைக் 'கலங்கின படம்' என்போம். மறைக்கல்வி வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து அந்தத் தீற்றல்களை எண்ணியவர்கள் நம்மில் எத்தனை பேர். நானும் எண்ணியிருக்கிறேன். ஆனால் கோயிலுக்கு வருவதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று உங்களில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஐம்பத்தைந்தைத் தாண்டிய பிறகு மறைத்து வைப்பதில் பெரிய லாபம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது அல்லவா, அதனால் சொல்கிறேன்.

அதை வரைந்தவர் என் சித்தப்பா, அப்பாவுக்கு ஒரே தம்பி. சென்னைக்குப் போய் ஓவியம் படித்தவர். படிப்பு முடிந்து இரண்டு வருடம் சினிமா பேனர் எழுதும் இடத்தில் வேலை பார்த்தார். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, வைகாசி முடிகிற சமயம், அப்பா பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவர் தோளில் சட்டை ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது. மஞ்சள் காமாலை என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் யாரும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கவில்லை, எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தவும் இல்லை. அவர் பேசுவதுதான் நின்றுபோயிருந்தது.

பத்து நாள் பின்கட்டில் படுத்தே கிடந்தார். பதினோராம் நாள் விடியும் முன்பே எழுந்து ஆற்றுப் பக்கம் நடந்தார். அம்மாவுக்குக் கையில் பச்சைப் பிள்ளை, என் தம்பி பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவள் என்னை எழுப்பி, ஒரு தூக்குவாளியில் காப்பியை ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

"சித்தப்பா கூடப் போ, ஆத்தா. அவுக எந்திரிச்சு வார வரைக்கும் நீயும் அங்கனயே இரு. தண்ணிக்குள்ள எறங்குனா ஓடியாந்து சொல்லு."

சித்தப்பாவுக்கு நீச்சல் தெரியாது, அதனால் அம்மா பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய வயதுக்காரர்களில் அவரைப்போல நீந்துகிறவர்கள் ஊரில் இல்லை என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் எனக்கும் பிள்ளைகள் பிறந்து, அம்மா எதற்குப் பயந்தாள் என்பது யாரும் சொல்லாமலே புரிந்திருந்தது.

ஒரு வாரம் வெறுமனே உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஒருநாள் பெட்டியிலிருந்து வர்ண டியூப்களை எடுத்தார். அவற்றில் பாதி நசுங்கி, மூடி இறுகிப் போயிருந்தன. அட்டைத் துண்டுகளில் ஆற்றை வரைய ஆரம்பித்தார். பூசை முடிந்து சைக்கிளில் பாலத்தைக் கடந்து போன பங்குச் சாமியார் இதைப் பார்த்துவிட்டார். ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே இருந்த அச்சுப் படம் ஓதம் ஏறிச் செல்லரித்துப் போயிருந்தது. யோர்தான் நதிக்கரையில் ஆண்டவர் ஞானஸ்நானம் பெறுகிற மாதிரி ஒரு படம் வேண்டும், ஆகஸ்ட் மாதாத் திருநாளுக்குள் முடியுமா என்று கேட்டார். சித்தப்பா முடியும் என்றார். ஆண்டவரை வரைவதாக அவர் சொல்லவில்லை. சாமியார் அதைக் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் மணந்தன. கித்தானைச் சட்டத்தில் இழுத்து அறைந்து வெள்ளைப் பூச்சுக் கொடுத்துக் காயவைத்திருந்தார். தம்பிக்கு மூச்சு முட்டும் என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டதோடு சரி. அன்றைக்குத்தான் சித்தப்பா முதல்முறையாக இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.

ஆற்றங்கரைக் காலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணை திறந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் வந்திருந்தது. நாற்றங்கால்களில் விதை ஊறுகிற வாசம், திராட்சைப் பந்தல்களில் அடித்த மயில்துத்த மருந்தின் காரல், இரண்டும் பனியோடு சேர்ந்து மூக்கில் ஏறும். நாங்கள் கிழக்குக் கரையில், பாலத்துக்குக் கொஞ்சம் கீழே உட்காருவோம். நம் பக்கத்து விடியல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மேகமலையைத் தாண்டிச் சூரியன் தலைகாட்ட நேரமாகும். அதற்கு முன்பே எதிரே மேற்கு மலையின் உச்சியில் வெயில் விழுந்துவிடும். அந்த வெயில் மலையில் மெதுவாகக் கீழிறங்கும். மேலே பட்டப்பகல், கீழே ஆற்றில் இன்னும் விடியவில்லை. அந்த இருபது நிமிடம்தான் சித்தப்பாவுக்கு வேண்டும். அதற்காக நாற்பது நாள் போனார். வெயில் தண்ணீருக்கு வந்ததும் தூரிகையைத் துடைத்து வைத்துவிடுவார். மழைச் சாரல் அடித்த நாட்களில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவோம்.

அவரிடம் கறுப்பு வர்ணமே கிடையாது. நூறு வருடத்துக்கு முன்னால் பிரான்சில் சிலர் இப்படித்தான் அறையை விட்டு வெளியே வந்து, கண்ணில் பட்ட மாத்திரத்தில் வெளிச்சத்தை வரைந்தார்கள் என்று ஒருமுறை தானாகச் சொன்னார். இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயராம். அவர்களுடைய படங்களைக் கல்லூரிப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறார். அந்த மாதம் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான் என்பதால் நினைவில் இருக்கிறது. எனக்கு அந்தப் படத்தில் பெரிய ஈடுபாடு ஒன்றும் இல்லை. பசிக்கும். காப்பியில் பாதியை நானே குடித்துவிடுவேன்.

தினமும் அதே நேரத்துக்குப் பாலத்தின் மேல் ஒரு ஜீப் வந்து நிற்கும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் குமுளி மலை ஏறுகிற ஜீப். உள்ளே பதினைந்து பதினாறு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மலை ஏறுவதற்கு முன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும். அதை எடுக்க டிரைவர் எப்போதும் ஒரே ஆளைத்தான் அனுப்புவார். மேற்குத் தெருவிலிருந்து வேலைக்குப் போகிற ஒரு அக்கா, அவளுக்குப் பத்தொன்பது இருபது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆம்பிளை முழுக்கைச் சட்டை, கையில் ஒரு டின். எதிர்க் கரையில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று முகம் கழுவுவாள். பிறகு டின்னை அமுக்கிப் பிடித்தபடி அப்படியே நிற்பாள். டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் ஏறுவாள். ஒருநாள் பாலத்தில் என்னைப் பார்த்து முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலைந்து பச்சை ஏலக்காய் கொடுத்தாள். என் பென்சில் பெட்டி அந்த வருடம் முழுக்க மணந்தது. சித்தப்பாவும் அவளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. இடையில் ஆறு ஓடியது.

ஆடிப்பெருக்கு வாக்கில் படம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சாமியாரும் கோயில் கமிட்டியார் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கமிட்டித் தலைவர்தான் அந்த ஜீப்புக்கும் சொந்தக்காரர். மலைக்குப் போகிற நாலு ஜீப்பும் அவருடையவை, ஆகவே மலைக்குப் போகிற ஆட்களும் அவர் சொல்கிறவர்கள்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். திருநாள் பந்தலும் கொட்டுமேளமும் அவர் செலவு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஜீப் அவர் அனுப்புவார்.

படத்தைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். நால்வரும் கிட்டப் போனார்கள், பின்னால் வந்தார்கள், மறுபடி கிட்டப் போனார்கள். ஜீப்காரர்தான் முதலில் பேசினார்.

"ஆறு சரி. ஆண்டவர எங்கன?"

சித்தப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். தொட்டியில் பிள்ளையை முக்கும்போது அந்தப் பிள்ளைதான் யோர்தானில் நிற்கிறது, அதனால் படத்தில் இன்னொரு ஆள் தேவைப்படவில்லை என்றார். சாமியாருக்கு அது பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. இதைப் பிரசங்கத்திலேயே சொல்லலாம் போலிருக்கிறதே என்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அதற்குள் கமிட்டியில் ஒருவர் குனிந்து, எதிர்க் கரை ஓரத்தில் சுண்டுவிரல் அகலத்துக்கு நின்ற ஒரு தீற்றலைக் காட்டினார். செங்கல் நிறம். அந்தக் குளிர்ந்த படத்தில் சூடான நிறம் அது ஒன்றுதான்.

யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறதே என்றார் அவர். ஆண்டவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த அருளப்பராக இருக்கும், ஒட்டக மயிர் ஆடை உடுத்தியிருந்தார் அல்லவா, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று சாமியார் அவசரமாகச் சொன்னார். சித்தப்பா குனிந்து சட்டத்தின் ஓரத்தைத் துடைத்தார்.

நான் கதவோரம் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது என்ற பெருமை.

"அது அருளப்பர் இல்ல. ஒங்க ஜீப்புக்குத் தண்ணி எடுக்க வார அக்கா."

யாரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஜீப்காரர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அம்மா கொடுத்த காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

திங்கட்கிழமை தண்ணீர் எடுக்க வேறொரு பெண் இறங்கினாள். செவ்வாய்க்கிழமையும் அவளே. படம் முடிந்திருந்தும் சித்தப்பா பழக்கத்தில் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. புதன்கிழமை அம்மா குழாயடியிலிருந்து செய்தி கொண்டுவந்தாள். அந்த அக்காவை ஜீப்பில் ஏற்றவில்லை. அவளுடைய அம்மாவையும் சேர்த்துத்தான் நிறுத்தியிருந்தார்கள். ஊரில் வேறு மாதிரிப் பேச்சு கிளம்பியிருந்தது. சென்னையிலிருந்து வந்தவர் விடியக்காலத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தது படம் வரையவா, இல்லை அவளைப் பார்க்கவா என்று.

அன்று சாயங்காலம் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். சித்தப்பா அந்தப் புள்ளையோடு பேசினாரா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடியும் கேட்டார். இல்லை. மூன்றாம் தரம் கேட்டபோது அவருக்கு வேறு பதில் வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. என் அப்பா வாத்தியார், சரியான விடை கிடைக்கும் வரை விடாதவர். சிரித்தாள் என்று சொன்னேன். அவள் சிரித்தது என்னைப் பார்த்து, ஏலக்காய் கொடுத்த அன்று. அதை அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்றை இப்போது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லாததால். அந்தத் தீற்றல் நம் தெருப் பெண்ணாக இருந்திருந்தால் படத்தை அப்படியே மாட்டியிருப்பார்கள், கன்னி மாதா என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். மேற்குத் தெருக்காரர்கள் அப்போது கோயிலின் இடது பக்கம் நீட்டிக் கட்டிய சிறகில் தனியாக உட்கார்ந்தார்கள், நாமெல்லாம் நடுவில் உட்கார்ந்தோம். அந்தத் தெருப் பெண் யோர்தானில் நிற்பதா, அவள் நிற்கிற தண்ணீருக்குக் கீழே நம் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமா என்பதுதான் பிரச்சினை. எல்லோருக்கும் அது தெரியும். சாமியாருக்கும் தெரியும், என் அப்பாவுக்கும் தெரியும். பேச்சு மட்டும் சித்தப்பாவின் நடத்தையைப் பற்றி நடந்தது.

வெள்ளிக்கிழமை சித்தப்பா சாமியாரைப் போய்ப் பார்த்தார். அங்கே பேசியதைப் பிறகு அம்மாவிடம் சொல்லும்போது கேட்டேன். சாமியார் அவரை உட்காரவைத்து, வருத்தத்தோடுதான் பேசியிருக்கிறார். படம் நல்ல படம், அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு இடத்தை மட்டும் சரி செய்துவிட்டால், தாயும் மகளும் திங்கட்கிழமையே ஜீப்பில் ஏறலாம் என்று ஜீப்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார். மாட்டேன் என்றால் படமும் மாட்டப்படாது, அவர்களும் ஏற முடியாது.

சித்தப்பா கூடத்துக்கு வந்து படத்தின் முன்னால் உட்கார்ந்தார். அடுப்பில் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், கல்லில் மாவு விழுகிற சத்தம் கேட்டது. இரண்டு தோசை எடுப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. தட்டையான ஒரு சின்னக் கத்தியால் அந்தச் செங்கல் நிறத்தை வழித்தார். வர்ணம் இன்னும் முழுதாகக் காயாததால் வெண்ணெய் மாதிரி வந்தது. அதைப் பழைய துணியில் துடைத்தார். பிறகு சாம்பலும் பச்சையுமாக இரண்டு தீற்றல் வைத்தார். அவ்வளவுதான், எதிர்க் கரையில் யாரும் இல்லை. கையை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் முழுதாகச் சாப்பிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு அப்போதே ஆறியிருக்கும்.

திங்கட்கிழமை தாயும் மகளும் ஜீப்பில் ஏறினார்கள். திருநாளன்று படத்தைச் செபம் சொல்லி மந்திரித்து மாட்டினார்கள். அதன் கீழே முதல் ஞானஸ்நானம் என் தம்பிக்கு. படத்தில் யாரும் இல்லை என்று ஜீப்காரரே நாலு பேரிடம் சொன்னார். கத்தி எடுத்த விஷயம் எங்கள் வீட்டையும் அந்த நால்வரையும் தாண்டி வெளியே போகவில்லை. மேற்குத் தெருவில் மட்டும், தங்கள் தெருப் பெண்ணை வரைந்திருக்கிறார்களாம் என்ற பேச்சு நிற்கவே இல்லை.

திருநாள் முடிந்து ஒரு வாரம் இருக்கும். பீடத்துக்குப் பூ வைக்கிற முறை எங்கள் வகுப்புக்கு வந்து, பள்ளிக்கூடம் விட்டதும் நான் கோயிலில் தனியாக இருந்தேன். செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அந்த அக்கா. அந்த ஆம்பிளைச் சட்டை இல்லை. நல்ல சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கதம்பம் வைத்திருந்தாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று இப்போது புரிகிறது. பகலில், ஆள் இல்லாத நேரம் பார்த்து. கிட்டப் போய்ப் படத்தைப் பார்த்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"பாப்பா, நீயும் கூட இருந்தீல்ல. எங்கன இருக்கேன் நான்?"

அவளே தொடர்ந்தாள். எதிர்க் கரையில் அவர் தன்னை வரைகிறார் என்று இரண்டாம் நாளே அவளுக்குத் தெரிந்துபோயிற்றாம். ஆள் அசைந்தால் படம் கெட்டுப்போகும் என்று போட்டோ பிடிக்கிறவர் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"அதான் அம்புட்டு நாளும் அசையாம நின்னேன். டிரைவர்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு நின்னேன். காலு வெறச்சுப் போகும்."

அவளை வழித்தெடுத்த துணி எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்தது எனக்குத் தெரியும். நான் படத்தைப் பார்த்தேன். தண்ணீரின் நடுவில், மலை உச்சியின் வெயில் தலைகீழாக விழுந்த இடத்தில், ஒரு மஞ்சள் தீற்றல் இருந்தது. கையை நீட்டி அதைக் காட்டினேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "இம்புட்டு வெளிச்சமாவா இருக்கேன்" என்றாள். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. தொட்டித் தண்ணீரில் விரலைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள், வெளியே போனாள். நான் பூவைப் பீடத்தில் வைக்காமலே வீட்டுக்கு ஓடினேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கலாம். மேற்குத் தெருத் தாய்மார்கள் ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கி வரும்போது, தொட்டிக்கு மேலே அந்த மஞ்சளைக் காட்டி ஏதோ சொல்லுவார்கள். சூரியனைக் காட்டுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டோம். சித்தப்பா ஐப்பசியிலேயே தேனிக்குப் போய்விட்டார். கடை போர்டுகள், லாரி பாடிகள், தியேட்டர் ஸ்லைடுகள் என்று எழுதிப் பிழைத்தார். கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள். வருத்தமான வாழ்க்கை என்று சொல்ல முடியாது. ஆற்றை மறுபடி வரைந்ததாக எனக்குத் தெரியவில்லை. பழைய கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டியபோது படம் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. சிமென்ட் மூட்டை நனையாமல் அதைப் போட்டு மூடி வைத்திருந்ததைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இடது சிறகும் இப்போது இல்லை. ஒரே கூடம்தான், யார் வேண்டுமானாலும் எங்கும் உட்காரலாம்.

போன ஆடியில் சித்தப்பாவைப் பார்க்கத் தேனிக்குப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார், இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. அன்று என்ன தோன்றியதோ, நாற்பத்தைந்து வருடம் வாயில் வைத்திருந்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். அக்கா கோயிலுக்கு வந்தது, கேட்டது, நான் காட்டியது. அசையாமல் நின்றது பற்றிச் சொன்னபோது அவர் டி.வி.யை நிறுத்தினார்.

"தெரிஞ்சே நின்னாளா" என்றார். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அவ சோறு போகுதேன்னு அழிச்சேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

மறுநாளே கார் வைத்துக்கொண்டு ஊருக்கு, அக்காவைப் பார்க்கப் போனோம். உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மேற்குத் தெருவில் இப்போது எல்லாம் மாடி வீடுகள். அக்காவின் வீட்டு வாசலில் பேத்தியின் ஸ்கூட்டி நின்றது. மலையேறிய முழங்கால்கள் போய்விட்டதால் அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று சொன்னேன், இவர் யார் என்று சொல்வதற்குள் அவளே எழுந்துவிட்டாள். எங்களை உட்காரவைத்து, பேத்தியைக் கூப்பிட்டு, "இவுகதான் என்னய வரஞ்சவுக" என்றாள். தன் மூன்று பிள்ளைகளுக்கும், நாத்தனார் பிள்ளைகளுக்கும் அந்தப் படத்துக்குக் கீழேதான் ஞானஸ்நானம் ஆயிற்றாம். ஒவ்வொரு தரமும் பிள்ளையின் காதில், பயப்படாதே, தண்ணிக்குள்ள நான்தான் நிக்கிறேன் என்று சொல்லுவாளாம்.

பேத்தி காப்பி கொண்டுவந்து வைத்தாள். சித்தப்பா தம்ளரை எடுக்கவில்லை.

"ஒரு கொறதான் அண்ணே" என்றாள் அக்கா. "அதுல மொகம் தெரியாது. அந்த வயசுல எனக்கு ஒரு போட்டோகூடக் கெடையாது. எப்படி இருந்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நீங்க பாத்துக்கிட்டேல்ல இருந்தீக?"

சித்தப்பா தன் கைகளைப் பார்த்தார். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். மெதுவாக, ஒவ்வொன்றாக. சட்டைக் கையை மூன்று மடிப்பு மடித்திருப்பாள், வலது கை மட்டும் அடிக்கடி அவிழ்ந்து தண்ணீரில் நனையும். முகம் கழுவினால் துடைக்க மாட்டாள், நாடியில் தண்ணீர் சொட்டும். குளிருக்கு மேலுதடு லேசாகத் தூக்கிக்கொள்ளும். டின் நிறையும்போது இடது தோள் இறங்கும், கழுத்து அதற்கு எதிர்ப்பக்கம் சாயும், அப்போது காதோரம்தான் முதலில் வெளிச்சம் படும். செங்கல் நிறச் சட்டை.

"செங்கல் இல்ல. காப்பிக் கலரு" என்றாள் அக்கா. "எங்கண்ணன் சட்டை அது, எனக்குத் தெரியாதா? பின்ன ஏன் என்னய மஞ்சளா வச்சீக?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எனக்குச் செங்கலாத்தான் தெரிஞ்சது" என்றார். "அந்த வெளிச்சத்துல எந்த நெறமும் அதோட நெறத்துல நிக்காதும்மா."

அக்கா அதை யோசித்துப் பார்த்தாள். சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நாற்காலியை இழுத்துக் கொஞ்சம் முன்னால் போட்டுக்கொண்டாள்.

"வேற?" என்று கேட்டாள்.

சித்தப்பா காப்பித் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, சாரல் அடித்த ஒரு காலையில் அவள் டின்னைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.